அந்த ராத்திரியும் பயணக் கணக்கில்தான்

அடி அண்ணாமலை
பங்குனி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற விடாதே.

போனில் நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நீ ஆபீசில் இருந்தாய், பக்கத்தில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அரைகுறையாகக் காதில் விழுந்து போகட்டும் என்று விடுகிற விஷயம் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன். "இவ்வளவு தூரம் சைக்கிள் ஓட்டிட்டு வந்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கணும் இல்லையாக்கா, எனக்கு ஏன் கண்ணே மூட மாட்டேங்குது, உடம்புல ஏதாவது கோளாறா?" என்று கேட்டாய். கோளாறு எதுவும் இல்லை. முதலில் அந்தப் பயத்தை விடு. வார்டில் நைட் டூட்டி பார்த்தே தலை நரைத்தவள் சொல்கிறேன், களைப்பு வேறு, தூக்கம் வேறு. களைப்பு எல்லை தாண்டிவிட்டால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். ஆபரேஷன் முடிந்த அன்று ராத்திரி கண் மூடாமல் கிடப்பவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்களைவிடக் களைத்த உடம்பு யாருக்கு இருக்கும்?

நீ வந்த அன்று பதினொரு மணிக்கு மேல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் உட்கார்ந்து உன் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். 84. காலையில் எழுந்தால் 52, 54 என்று பெருமையாகச் சொல்கிறவன் நீ. சைக்கிளைத் திண்ணையில் சாய்த்து ஐந்து மணி நேரம் ஆகியும் உன் இதயம் கீழே இறங்கி வரவில்லை. நெற்றியில் காய்ச்சல் இல்லை, ஆனால் பின்கழுத்தும் முதுகும் அனலடித்தன. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டே பேசினாய். ஹேண்டில்பாரில் உள்ளங்கையின் ஓரம் மணிக்கணக்காக அழுந்தினால் அந்த இரண்டு விரலுக்குப் போகும் நரம்பு நசுங்கும். படுத்தால் கால் தானாக மிதிக்கிற மாதிரியே இருக்கிறது என்றாய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு யாரால் தூங்க முடியும்?

உள்ளே நடந்தது இதுதான். விடியற்காலை மூன்று மணிக்குத் தாம்பரத்தில் கிளம்பியதிலிருந்து திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் என்று இங்கே வந்து சேரும் வரை, 'சமாளி, சமாளி' என்று உடம்பை முடுக்கிவிடும் நரம்புகள்தான் ஆட்சி செய்தன. அட்ரினலினும் கார்டிசாலும் அவற்றின் கூட்டாளிகள். நடுராத்திரியில் மிகக் குறைவாக இருக்க வேண்டியது கார்டிசால். இவ்வளவு கடுமையாக உழைத்த நாளில் அது சொன்ன நேரத்துக்கு இறங்காது. மணிக்கணக்காக வேலை வாங்கிய தசையில் நுண்ணிய சிதைவு ஏற்படும். அதைச் செப்பனிட உடம்பு அழற்சியைக் கிளப்பும். அந்த வலி மறுநாளும் அதற்கு மறுநாளும்தான் உச்சத்துக்குப் போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது சூடு. சாயங்காலத்திலிருந்து நம் உள்சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பிக்கும். அது இறங்குகிற நேரத்தில்தான் தூக்கம் பிடிக்கும். உனக்கோ பங்குனி வெயிலில் பகல் முழுக்க ஏறிய சூடு, உடம்பில் தண்ணீரும் போதாது. போதாக்குறைக்கு நம் ஊர் இருப்பது திருவண்ணாமலை மலைக்கு மேற்கே. பிற்பகல் வெயில் முழுவதும் இந்தப் பக்கத்துப் பாறையில்தான் விழுகிறது. பொழுது சாய்ந்து வெகுநேரம் கழித்தும் மலைப்பக்கமிருந்து வெக்கை வந்துகொண்டே இருக்கும், நீயே பார்த்திருக்கிறாய். உன் உடம்பும் அன்றைக்கு அந்தப் பாறை மாதிரிதான் இருந்தது, வாங்கிய வெயிலை ராத்திரியெல்லாம் விட்டுக்கொண்டிருந்தது. அந்த உடம்போடு கான்கிரீட் கூரைக்கு நேர் கீழே மாடி அறையில் போய்ப் படுத்தாய். மாமா கீழே கூடத்தில் பாய் போடுகிறேன் என்று சொன்னபோதே நீ கேட்டிருக்கலாம்.

அடுத்தது டீ. உன்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. வழியில் நிறுத்திய இடத்திலெல்லாம் டீ, செஞ்சியில் ஒரு கோலா, பிறகு சட்டைப்பையிலிருந்து பிதுக்கிச் சாப்பிட்டாயே அந்த ஜெல், அதன் உறையைப் படித்துப் பார்த்தேன், அதிலும் கஃபீன். வீட்டுக்கு வந்ததும் என் கையால் ஒரு டிகாஷன் காபி வேறு. உடம்பில் போன கஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் பிடிக்கும், சிலருக்கு இன்னும் கூடுதல். ஆறு மணிக்குக் குடித்த காபி பதினொரு மணிக்குப் பாதி மிச்சம் இருக்கும். இனி நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்தால் என் வீட்டில் உனக்குக் காபி கிடையாது, சுக்கு மல்லி போட்டுத் தருகிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் நீ நேர்மாறாகச் செய்கிறாய். ஓட்டும்போது பசி தெரியவில்லை என்று ஒப்பேற்றிவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்கு பரோட்டாவும் சால்னாவும் வாங்கி வந்து வயிறு முட்ட உட்கார்ந்தாய். அதற்குள் கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரை காலியாகியிருக்கும். ராத்திரி நாம் தூங்கும்போது ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது அந்தக் கையிருப்புதான். அது கரைந்துபோனால் இரண்டு மணி, மூன்று மணிக்கு வெடுக்கென்று விழிப்பு வரலாம். எண்ணெயும் காரமும் வயிற்றில் கிடந்து புரட்டுவது தனிக் கதை. வந்து இறங்கின அரை மணி நேரத்துக்குள் இரண்டு வாழைப்பழம், உப்பு போட்ட மோர். ஏழு ஏழரைக்கெல்லாம் தயிர்சாதமோ இட்லியோ. தண்ணீரையும் அப்போதே குடித்துத் தீர்த்துவிடு. படுக்கப் போகும்போது ஒரு பாட்டில் குடித்தால் ராத்திரி இரண்டு தடவை எழுந்துதான் ஆக வேண்டும். சிறுநீர் வெளுத்து வருகிற வரை உப்பும் தண்ணீருமாகக் கொடுத்துக்கொண்டே இரு. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் ஊற்றாதே, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போனால் அது வேறு ஆபத்து.

உன்னைப் போல இருப்பவர்களை இந்த ஊர்க்காரர்கள் மாதம் தவறாமல் பார்க்கிறோம். பௌர்ணமிக்கு மலையை 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றுகிறவர்கள் நம் வாசலில் வந்து உட்காருவார்கள். இப்போது ஆந்திராவிலிருந்தும் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்கள் போகும் வழியில் குபேர லிங்கம், ஈசானிய லிங்கம் எல்லாம் இனிமேல்தான். காலை நீட்டி, பாதத்தைத் தேய்த்துக்கொண்டு, "அசந்து போச்சும்மா, ஆனா படுத்தாத் தூக்கம் வராது" என்று அவர்களே சொல்வார்கள். ஒரு பாட்டி மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, வீங்கின விரலை வாளித் தண்ணீரில் விட்டபடி விடியும் வரை பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது சாமிக்கு நடந்த நடை, தூங்கவில்லை என்று கவலையே இல்லை. மறுநாள் பேருந்தில் உட்கார்ந்து வேறு யாரோ ஓட்ட வீட்டுக்குப் போய்விடுவாள். நீ மட்டும் மறுநாளும் நீயே ஓட்டிப் போகிறாய்.

நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். தூங்காமல் போனதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஒரு ராத்திரி போனால் உடம்பு அடுத்த ராத்திரி ஆழமாகத் தூங்கி ஈடுகட்டிக்கொள்ளும். தூங்காத உடம்போடு காலை ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினாயே, அதுதான் என்னை இன்னும் விடவில்லை. வீடு போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து சாதாரணமாகச் சொல்கிறாய், "கீழ்பென்னாத்தூர் தாண்டி கண்ணு ஒரு செகண்ட் சொருகிடுச்சுக்கா, கரும்பு டிராக்டர் ஹாரன் அடிச்சதும் முழிச்சுக்கிட்டேன்" என்று. கரும்பு ஏற்றிய டிரெய்லர்களில் பலவற்றில் பின்விளக்குகூட எரியாது. அந்த ஒரு விநாடியில் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? நீ சொன்னதை மாமாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்திரேலியாவில் செய்து 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வை எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். 17 முதல் 19 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களின் கையும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவர்களின் அளவுக்கு, சில சோதனைகளில் அதைவிட மோசமாகவும், தடுமாறின. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம்தான். நீ கிளம்பிய அன்று விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்தவன். அதற்கு முந்தின ராத்திரி, பயண ஆவலில் மூன்று மணி நேரம்கூடத் தூங்கவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்கு எத்தனை மணி நேரக் கணக்கு என்று நீயே கூட்டிப் பார். ஒரு சொட்டுக்கூடத் தொடாதவன், குடித்தவனின் கண்ணோடு பைபாஸில் போயிருக்கிறாய்.

இது உன் பி.ஆர்.எம். நெடுந்தூரச் சைக்கிள் பயணக் கனவுக்குக் குறுக்கே நிற்கிற பேச்சு இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40 என்று ஒரே பருவத்தில் நான்கையும் முடித்து சூப்பர் ராண்டனர் ஆகிவிட்டு, 2027இல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸுக்குப் போகணும் என்று நீ சொல்லும்போது உன் கண்ணில் வருகிற வெளிச்சத்தை நான் பார்க்கிறேன். எனக்கும் அது சந்தோஷம்தான். 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம். ஆனால் நீயே சொன்னதுதான், அங்கே வழியெங்கும் கன்ட்ரோல் என்கிற சோதனை நிலையங்களில் கட்டில் போட்டிருப்பார்கள், எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்து எழுப்பிவிடுவார்கள் என்று. தூக்கத்தையும் பயணத் திட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் அனுபவசாலிகள் கிளம்புகிறார்கள். 2017இல் அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ரேஸ் அக்ராஸ் அமெரிக்காவைத் தனி ஆளாக முடித்த முதல் இந்தியர் ஸ்ரீனிவாஸ் கோகுல்நாத், ராணுவ மருத்துவர். பன்னிரண்டு நாள் கெடுவுக்குள் ஏறத்தாழ 4,900 கிலோமீட்டர். அந்தப் போட்டியில் ஓட்டுகிறவரின் பின்னாலேயே வண்டியில் ஆட்கள் வருவார்கள், கண் அசந்தால் நிறுத்திப் படுக்க வைப்பார்கள். செஞ்சி ரோட்டில் உன் பின்னால் யார் வந்தார்கள்?

உன் உடம்பு பலவீனம் என்று நீ நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்று. இங்கிலாந்தில் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் நல்ல பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களை ஒன்பது நாள் மிகக் கடுமையாக ஓட்ட வைத்துத் தூக்கத்தை அளந்தார்கள். நாள் போகப் போகப் படுக்கையில் கிடந்த நேரத்தில் உண்மையில் தூங்கிய பங்கு குறைந்தது, மனநிலையும் சோர்ந்தது. நன்றாகப் பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படி. சாயங்கால உடற்பயிற்சி தூக்கத்தைக் கெடுக்கும் என்று பொதுவாகச் சொல்வதும் முழு உண்மை இல்லை. சூரிச்சில் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், மிதமான பயிற்சி கெடுப்பதில்லை, படுக்கப் போவதற்கு முந்தின ஒரு மணி நேரத்துக்குள் மூச்சிரைக்க உழைத்தால்தான் தொந்தரவு என்றார்கள். அதனால் பயணத்தின் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரை நேரம் பார்க்காமல் மெதுவாக மிதித்து வா. கீழ்பென்னாத்தூரில் மலை கண்ணில் பட்டதும் வெறி பிடித்த மாதிரி மிதித்ததாகச் சொன்னாயே, அது வேண்டாம். ஆசை எனக்குப் புரிகிறது. மலை எங்கும் ஓடிப்போகாது.

வந்ததும் தொட்டித் தண்ணீரில் குளித்தாய், சரிதான், சூடு இறங்க அது வேண்டும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு இன்னொரு தடவை வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பை நனைத்துக்கொள். சூடான உடம்புக்குச் சுடுநீரா என்று கேட்காதே. தோலுக்கு ரத்தம் ஓடி வந்து உள்சூட்டை வெளியே தள்ளிவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் 2019இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, இப்படிச் செய்தால் பத்து நிமிஷம்போலச் சீக்கிரம் தூக்கம் வருகிறது என்றார்கள். பத்து நிமிஷம்தானா என்று தோன்றும். ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்தவனுக்கு அது பெரிசு. குளித்த கையோடு பாதத்திலும் கெண்டைக்காலிலும் நல்லெண்ணெய் தேய்த்துவிடுகிறேன், சின்ன வயசில் அம்மா தேய்ப்பாளே அப்படி. கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாய். போனை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். போட்டோ போட்டு யார் யார் லைக் போட்டார்கள் என்று பார்ப்பதும், ஸ்ட்ராவா ஆப்பில் சராசரி வேகத்தைத் தடவிக்கொண்டிருப்பதும் விடிந்த பிறகு. அந்தக் கடிகாரத்தையும் கழற்று. தூக்கத்துக்கு 38 மார்க் என்று அது காட்டின பிறகுதான் உன் முகம் சுருங்கிப்போனது. மார்க் போடுகிற அளவுக்குத் தூக்கம் பரீட்சை இல்லை. ஒரு மணி நேரம் புரண்டும் வரவில்லையா, எழுந்து திண்ணையில் உட்கார். மலையடிவாரத்தில் மயில் அகவும், நாய்கள் குரைக்கும், கேட்டுக்கொண்டே சும்மா இரு. கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாலே தசைக்கு ஓரளவு ஓய்வு.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கறாராகச் சொல்கிறேன். கால் வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எதுவும் அன்றைக்கு வேண்டாம். தண்ணீர் வற்றிய உடம்பில் அவை நேராகச் சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கும். அலர்ஜி மாத்திரை போட்டால் தூக்கம் வருமே என்று உன் சிநேகிதன் சொன்னதையும் கேட்காதே. காலையில் தலை கனத்து, அந்த மந்தத்தோடு ரோட்டில் இறங்குவாய். சிறுநீர் கோலா நிறத்தில் போனால், நெஞ்சு படபடப்பு அடங்காமல் இருந்தால், மயக்கம் வந்தால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. காலை நாடி வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடி நாலைந்து நாள் அப்படியே நின்றாலும், ஒவ்வொரு ராத்திரியும் தூக்கம் கெட்டாலும், ஓட்டுவதை நிறுத்தி டாக்டரைப் பார். அது ஒரு ராத்திரிக் கதை இல்லை, உடம்பு கடனைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்கிறது.

இனி நீ போடும் கணக்கில் சைக்கிளை நிறுத்தும் நேரத்தோடு பயணம் முடிந்தது என்று எழுதாதே. அன்றைய ராத்திரியும் அந்தப் பயணத்தில் சேர்ந்தது. அது முடிந்த பிறகுதான் முடிந்தது. 300 ஓட்டுகிற வாரம் திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லிவிடு. முந்தின இரண்டு மூன்று ராத்திரி அரை மணி, ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி வை. புறப்படும் அன்று எப்படியும் தூக்கம் குறையும், கையிருப்பு இருந்தால் தாங்கும். முடித்த இடத்திலிருந்து ஆட்டோவிலோ காரிலோ வீட்டுக்குப் போ, நீயே ஓட்டாதே. பைக்கும் வேண்டாம். காசு நான் அனுப்புகிறேன்.

இங்கே வருவதானால் சித்திரை முடியும் முன் வராதே என்று சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்க மாட்டாய். வெயிலுக்கு முன் பாதித் தூரம் முடியும்படி கிளம்பு, இரண்டு ராத்திரி தங்கும்படி வா. முதல் நாள் ராத்திரி தூங்கினாலும் சரி, தூங்காவிட்டாலும் சரி, மறுநாள் சைக்கிள் திண்ணையைவிட்டு இறங்காது. மாமா அதற்குப் பூட்டு வாங்கி வைத்திருக்கிறார், சாவி என்னிடம். இரண்டாம் ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்தால் சாவி தருவேன். இல்லையென்றால் முன்சக்கரத்தைக் கழற்றி சென்னை பஸ்ஸின் சாமான் பகுதியில் போட்டு, உன்னை ஜன்னலோரத்தில் உட்கார வைத்து அனுப்புவேன். கண்டக்டரிடம் மாமா பேசிக்கொள்வார்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் 300 என்றைக்கு என்று தேதியை எழுது. கிளம்புமுன் ஒரு போன், முடித்ததும் ஒரு போன், மறுநாள் எழுந்ததும் ஒரு போன், மூன்றும் வேண்டும் எனக்கு.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா